கை படாத வைத்தியம்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா ஆயாம்மாவுக்குப் பேசத் தெரிந்தவர்களைக் கண்டால் ஆகாது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுப்போகிற கைக்குழந்தைகளை, அவர்கள் திரும்பி வரும் வரை பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. தொட்டிலில் கிடக்கும் வரை அந்தப் பிள்ளைகளுக்காக உயிரை விடுவார். அதுவே எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசத் தொடங்கிவிட்டால், "போச்சு, இவனும் பொய் சொல்லப் பழகிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்.

நாங்கள் எல்லோரும் பேசத் தெரிந்தவர்கள். அதிலும் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். தோட்டத்துப் பந்தாட்டக் கோஷ்டியில் கோல் காக்கிறவன் நான். பந்து உள்ளே போன பிறகு அது ஏன் போனது என்று விளக்குவதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆகவே ஆயாம்மாவுக்கு என்னை அடியோடு பிடிக்காது.

குட்டையான, அகலமான உருவம். நாற்பது வயதிருக்கும். வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஆளை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை. யார் எதிரே வந்தாலும் பார்வை நேராக முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவனின் முகம் மறந்துபோகும், கெண்டைக்கால் மறக்காது. ஒருமுறை அட்டன் கடைவீதியில் என் சித்தப்பாவை வழிமறித்து, "நீ அந்தக் கவ்வாத்துக்காரரு தம்பிதானே? அந்த அண்ணன் காலு அப்படியே ஒனக்கு வந்திருக்கு" என்றார். மீன் வாங்க வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்க, சித்தப்பா மடித்துக்கட்டிய சாரத்தை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அட்டனுக்குக் கால்சட்டையில்தான் போனார்.

எங்கள் மைதானம் பிள்ளைக் காம்பராவுக்கு நேர் கீழே இருந்தது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தத் தொடங்கி, பாதியில் மனசு மாறி விட்டுவிட்ட இடம் அது. மேல் பக்கத்திலிருந்து பந்தைத் தொட்டுவிட்டால் போதும், தானாகவே உருண்டு கீழ்ப் பக்கத்துக் கோலுக்குள் நுழைந்து, அங்கிருந்து தேயிலைக்குள் இறங்கி, அடியில் ஓடும் ஓயா ஆற்றில் விழும். நான் விட்ட கோல்களில் பாதிக்கு அந்த மலைதான் பொறுப்பு. பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிக் கழித்துவிட்டு, குளிர் இறங்கும் நேரத்தில் வெறுங்காலோடு ஓடினால் கால் சும்மா இருக்குமா? ஒருவன் மாற்றி ஒருவனுக்கு நரம்பு இழுத்துக்கொள்ளும். கொழும்பில் பெரிய மனிதர்கள் கூடி, நாங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று தீர்மானம் செய்திருந்த வருஷங்கள் அவை. எங்களுடைய கவலையோ கெண்டைக்காலைத் தாண்டி மேலே ஏறவில்லை.

ஆயாம்மா வைத்தியத்தில் இறங்கியதற்குக் காரணம் சத்தம். எங்கள் கோஷ்டியில் உருப்படியாகப் பந்து உதைக்கத் தெரிந்த ஒரே ஆள் ராசு. ஒரு சாயங்காலம் அவனுக்குக் கெண்டை பிடித்துக்கொண்டது. தரையில் விழுந்து அவன் போட்ட கூச்சலில் மேலே தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழத் தொடங்கின. இடுப்பில் ஒரு குழந்தையோடு ஆயாம்மா சரிவில் இறங்கி வந்தார். நேரே என்னிடம் வந்து குழந்தையை நீட்டினார்.

"இந்தா. இதையாச்சும் கீழ விடாமப் புடி."

பிறகு ராசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலை எடுத்தார். அவன், "ஆயாம்மா, இங்கதாங்க, இந்த எடத்துலதாங்க" என்று கையைக் காட்டியதும் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி.

"ஒன்னைய யாருடா கேட்டது? வயித்து வலி வந்த கைப்புள்ள வெரலை நீட்டி எடத்தைக் காட்டுதா? நான் கண்டுபுடிக்கல? வாயை மூடு."

அவன் காட்டிய இடத்தை விட்டுவிட்டு, முழங்காலின் பின்புறம் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். ராசு வைத்த சத்தத்தில் என் கையிலிருந்த குழந்தையும் வீரிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து நின்று, காலை உதறிப் பார்த்து, வெட்கத்தோடு சிரித்தான். ஆயாம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கும் கத்துனா காலை ஒடிச்சிப்புடுவேன்" என்று காலிடமே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, காம்பராவின் பின் விறாந்தையில் எங்களை வரிசையாகப் படுக்கவைப்பார். பிள்ளைகளின் பாய்தான். இடுப்புவரைக்கும்தான் பாய் வரும், கால் சிமெந்துத் தரையில் கிடக்கும். பேசினால் அடி. "கை கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சினால் ஒரு கரண்டி விளக்கெண்ணெய். அதைக் குடித்தவன் மறுநாள் மைதானத்தைவிட ஓடைப் பக்கம்தான் அதிகமாக ஓடினான்.

எல்லாம் சரியாகச் செய்தார் என்று சொன்னால் அது பெரிய பொய். எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் பல்வலியால் கன்னம் வீங்கி, சும்மா நண்பர்களோடு வந்து உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்வதற்குள் இரண்டு காலையும் பிடித்து முறுக்கித் திருப்பிவிட்டார். வரும்போது ஒரு வலியோடு வந்தவன் போகும்போது மூன்று வலியோடு போனான். "பல்லுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று அவனுக்குத் திட்டு வேறு.

ஆயாம்மாவின் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில் காவல்காரர். கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நெட்டையான, ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால்சட்டைக்குக் கீழே குச்சி மாதிரி இரண்டு கால். அவர் வாயிலிருந்து "சரிங்க" என்ற வார்த்தையைத் தவிர வேறொன்றை நாங்கள் கேட்டதில்லை. தொர கூப்பிட்டாலும் சரிங்க, கணக்கப்பிள்ளை திட்டினாலும் சரிங்க, பையன்கள் கேலி செய்தாலும் சரிங்க. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தெடுக்கும் கூட்டத்திலிருந்து ஆயாம்மா கெஞ்சிக் கூத்தாடிப் பிள்ளைக் காம்பராவுக்கு மாறிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். அந்த வேலை போனால் கூலி போகாது. மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகலாம். பிள்ளைகள் போய்விடும். ஆயாம்மா உலகத்தில் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்தப் பயத்தைக் கண்டுபிடித்தவர் பெரிய கங்காணி. தலைப்பாகை, கோட்டு, கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். ஒருநாள் தொரையோடு காம்பராவைப் பார்வையிட வந்தவர், தொட்டில்களுக்கு நடுவில் நின்று நிர்வாகத்தின் பெருமைகளைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஆயாம்மா அவருடைய செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டே, "வாயை மூடிக்கிட்டு வெளிய போய்ப் பேசுங்க. புள்ளைங்க தூங்குது" என்றார். தொர சிரித்துவிட்டார். கங்காணியார் சிரிக்கவில்லை. அதோடு அவருடைய கொழுந்தியாளுக்கு அந்த ஆயா வேலை மேல் ஒரு கண்.

கங்காணியார் தொரையிடம் முறைப்பாடு வைத்தார். ஒரு பொம்பளை அன்னிய வாலிபர்களைப் பாயில் படுக்கவைத்துக் காலைப் பிடிக்கிறாள், சாதி சனத்துக்கு அடுக்காது, தோட்டத்து மானம் போகிறது. தொர வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர். எங்கள் தமிழை அவர் பாணியில் பேசுவார். ஆயாம்மாவைக் கூப்பிட்டனுப்பி, "கை வைக்கக் கூடாது. கை வைச்சா புள்ளக்காம்பரா வேலை இல்லே" என்றார்.

ஆயாம்மா தொரையின் சப்பாத்துக் காலைப் பார்த்தார்.

"கை படக்கூடாதுங்க. கம்பு படலாமுங்களா?"

தொர கங்காணியாரைப் பார்த்தார். கங்காணியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"கம்பு…" என்றார் தொர. "கம்பு சரி."

இப்படித்தான் அந்தக் கருவி பிறந்தது. ஏதோ ஆராய்ச்சியில் விளைந்தது என்று பிற்காலத்தில் ராசு எல்லோரிடமும் அளந்துகொண்டு திரிந்தான். அதெல்லாம் கிடையாது. கங்காணியாரின் வயிற்றெரிச்சலில் விளைந்தது.

முதலில் அம்மிக் குழவி. சுடுதண்ணீரில் போட்டுச் சூடேற்றி உருட்டினால் கை பட வேண்டியதில்லை என்று ஆயாம்மா கணக்குப் போட்டார். எங்கள் மேல் சோதிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்கென்று வீட்டில் ஒரு ஆள் இருந்தார். காவல்காரரைக் குப்புறப் படுக்கவைத்து, குழவியை அவர் தொடைமேல் ஏற்றினார். அன்றைக்குத்தான் அவருக்கும் சத்தம் போட வரும் என்று லயத்துக்குத் தெரிந்தது. சுவரோடு சுவராக ஒட்டிய காம்பராக்கள், கதவுக்குக் கதவு ஆள் வந்து நின்று சிரித்தார்கள். ஒரு வாரம் அவர் நொண்டிக்கொண்டே காவலுக்குப் போனார். திருட வருகிறவன் அவரைப் பார்த்தால் பாவப்பட்டுத் திரும்பிப் போயிருப்பான்.

அடுத்து சோடாப் போத்தல். உருட்ட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போத்தலைப் பிடிக்கிற விரல் காலில் உரசியது. கங்காணியாரின் ஆள் ஒருவன் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதையும் விட்டார்.

பிறகு ஒருநாள் காம்பராவின் மூலையில் உடைந்து கிடந்த நடைவண்டி கண்ணில் பட்டது. பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நடை பழகுகிற மர வண்டி. அதன் மூன்று சக்கரங்களையும் கழற்றி, ஒரு கம்பியில் கோத்து, கொய்யாக் கம்பில் பிடி போட்டார். காவல்காரர் மறுபடியும் படுத்தார். சக்கரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுழன்றதில் காலிலிருந்த முடியெல்லாம் இடுக்கில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டது. ஆயாம்மா சக்கரங்களுக்கு இடையில் தோல் வட்டம் வெட்டிப் போட்டார். மரம் சதையைக் கன்ற வைத்தது, சைக்கிள் டியூபைக் கிழித்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுற்றினார். நடுச் சக்கரம் எலும்பில் இடித்தது, அதைத் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கினார். இப்போது இரண்டு பக்கச் சக்கரமும் சதையைப் பிடித்து உருட்ட, நடுவில் எலும்பு தப்பித்துக்கொண்டது. இதெல்லாம் முடிவதற்குள் காவல்காரரின் கால் இரண்டும் பெண்பிள்ளைக் கால் போல வழுவழுவென்று ஆகிவிட்டது. பீலிக்கரையில் குளிக்கப் போனால் அவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அவர் சரிங்க என்று சொல்லிக் குளித்துவிட்டு வந்தார்.

கருவி நன்றாக வேலை செய்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தாட்டம் முடிந்து மரத்துப்போன தொடையில் அந்த மூன்று சக்கரமும் ஏறி இறங்கும்போது முதலில் உயிர் போகும், பிறகு அந்த உயிர் புத்தம் புதிதாகத் திரும்பி வரும். நான் ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தேன். "நல்லா இருந்தா எந்திரிச்சுப் போ. வலிக்கிறவன் வரட்டும்" என்று துரத்திவிட்டார்.

ஆனால் கங்காணியார் விடுவாரா? பிடி முழங்கை நீளம்தான் இருந்தது. பொம்பளை இவ்வளவு கிட்டே குனியலாமா என்று தொரையிடம் போனார். தொரைக்கு இதில் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள நேரமில்லை, "கம்பு பெரிசு பண்ணு" என்றார். ஆயாம்மா மண்வெட்டிப் பிடி அளவுக்கு நீட்டினார். நின்றபடியே உடம்பின் பாரத்தைக் கொடுத்து உருட்டியதில் வைத்தியம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. கங்காணியாருக்கு அது இன்னும் எரிந்தது. மறுபடியும் முறைப்பாடு. மறுபடியும் கம்பு வளர்ந்தது. கடைசியில் கம்போடு இன்னொரு கம்பை வைத்துக் கட்டி, அது வளைந்து ஆட, நடுவில் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியதாயிற்று. ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு முனையில் ஆயாம்மா, நடுவில் வீட்டுக்காரர், மறுமுனையில் நாங்கள். வழியில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இம்புட்டுத் தூரத்துல கையில ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்று ஆயாம்மா புலம்பினார். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டு உருட்டத் தொடங்கினார். கம்பு வழியாகவே சதை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் பாயைத்தான் உருட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் எங்கள் கோஷ்டி தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் தப்பித் தவறி முன்னேறி, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு அட்டன் டவுனில் ஆடப் போனது. ஞாயிற்றுக்கிழமை. தேயிலை லொறியில் ஆண், பெண், பிள்ளை குட்டி என்று தோட்டமே ஏறிவிட்டது. கம்பின் நீளத்துக்கு லொறியில் இடம் போதாமல் பின்பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. தொரமார்களுக்கு மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் தொரையின் பின்னால் கங்காணியார் குடையோடு நின்றார்.

இரண்டாம் பாதியில் ஆளுக்கொரு கோல். பந்து நடு மைதானத்தில் இருந்தபோது ராசு விழுந்தான். தொடையைப் பிடித்துக்கொண்டு புழு மாதிரித் துடித்தான். ஆயாம்மாவும் காவல்காரரும் கம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எதிர்த் தோட்டத்துக்காரர்கள், "ஏரு பூட்ட வந்துட்டாங்கடோய்!" என்று விசிலடித்தார்கள். ஆயாம்மா சக்கரத்தை அவன் தொடையில் வைத்துப் பாரம் கொடுத்தார். படாரென்று கம்பு முறிந்தது. சரியாக, கங்காணியார் கேட்டு நீட்டிய இடத்தில்.

ஆயாம்மா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதைத் தூர எறிந்தார். புல்லில் உட்கார்ந்து, ராசுவின் காலைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தார். விசில் நின்றுபோனது. பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பியது. அத்தனை பேர் நடுவில் காவல்காரர் முறிந்த கம்போடு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். 

ராசு எழுந்து ஓடி ஒரு கோல் போட்டான். அதற்குப் பிறகு நான் இரண்டு விட்டேன், தோற்றோம். அதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இது என்னைப் பற்றிய கதை இல்லை.

திரும்பும்போது லொறியில் கங்காணியார் காவல்காரரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொரையோடு காரில் போகிறவர், தூசு தட்டி எங்களோடு உட்கார்ந்தபோதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். லயத்துக் குடும்ப விவகாரம் எதுவானாலும் புருஷன் தன் வாயால் முறைப்பாடு சொன்னால்தான் தொர அதில் தீர்ப்புச் சொல்வார்.

"நாளைக்கு ஆபீசுல தொர கேப்பாரு. எனக்கு அவமானமா இருக்குங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்குறேன். என்னப்பா?"

"சரிங்க" என்றார் காவல்காரர்.

லொறி தோட்டத்தில் நின்றதும் நான் ஓடிப்போய் ஆயாம்மாவிடம் சொன்னேன். முதல் தடவையாக என்னைப் பேசாதே என்று அவர் சொல்லவில்லை. "அந்த மனுசன் யாருக்குத்தான் மாட்டேன்னு சொல்லியிருக்கு" என்றார். மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகும் வழியில் நான் காம்பராவை எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளின் துணிகளையெல்லாம் வேறொருத்தியிடம் ஒப்படைக்கப் போவதுபோல மடித்து மடித்து அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் என்று எங்களில் ஐந்து பேரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்றோம். ஆயாம்மாவும் எங்களோடு வெளியில் நின்றார். உள்ளே தொரையின் மேசைமேல் முறிந்த கம்போடு மூன்று சக்கரமும் சாட்சியாகக் கிடந்தன. கங்காணியார் அட்டன் மைதானத்தில் தோட்டத்தின் மானம் போன விதத்தை வர்ணித்தார். கேட்டுக்கொண்டிருந்த தொர, என்ன நினைத்தாரோ, அந்தச் சக்கரத்தை எடுத்துத் தன் வலது தோளில் வைத்து உருட்டிப் பார்த்தார். நிறுத்தினார். மறுபடியும் உருட்டினார்.

"நான் கை வைக்காதே சொன்னான். ஏன் வைச்சான்?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"கம்பு முறிஞ்சிடுச்சுங்க" என்றார் ஆயாம்மா. "அவன் காலு முறியக்கூடாதுல்ல."

தொர உருட்டுவதை நிறுத்தாமல் காவல்காரரைப் பார்த்தார். "நீ புருஷன். உன்க்கு கோபம் இருக்கா, இல்லையா? உண்மை சொல்லு."

காவல்காரரின் கால் இரண்டும் அரைக்கால்சட்டைக்குக் கீழே வெடவெடவென்று ஆடியது வாசலில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. கங்காணியார் பக்கத்தில் போய், "சொல்லப்பா, பயப்படாத. அவமானமா இருக்குன்னு தொரைக்கிட்ட சொல்லு" என்றார்.

"அவமானமாத்தான் இருக்குங்க" என்றார் காவல்காரர்.

ஆயாம்மா தலையைக் குனிந்துகொண்டார். ராசு கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்தான்.

"மொதல்ல அம்மிக் குழவியை என் மேல ஏத்துனாங்க. நான் போட்ட சத்தத்துல லயமே சிரிச்சிச்சு. பெறகு இந்தச் சக்கரத்துல மயிரெல்லாம் போயிருச்சு. பீலிக்கரைக்குப் போக முடியல. ரொம்ப அவமானமுங்க."

"அது இல்லே மேன்!" தொர மேசையில் தட்டினார். "பையன்கள் கால்! பொண்டாட்டி பையன்கள் கால் புடிக்கிறான்!"

"அதுங்களா?" காவல்காரர் கங்காணியாரை ஒருதரம் பார்த்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். "அது எனக்கு நிம்மதிங்க, தொர. இந்தப் பயலுக காலு இருக்கிற வரைக்கும்தான் என் காலு தப்பிக்கும். அதை மட்டும் நிப்பாட்டிப்புடாதீங்க. கையெடுத்துக் கும்புடுறேங்க."

தொர நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த கிளாக்கர்மார் குனிந்துகொண்டார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தொர கங்காணியார் பக்கம் திரும்பினார்.

"புருஷனுக்குக் கோபம் இல்லே. உன்க்கு என்னா கோபம்? நீ புருஷனா?"

கங்காணியார் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். "கை, கம்பு, எதுவும் சரி. போ, போ" என்று தொர எங்களை விரட்டினார். சக்கரத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. நாங்கள் போகும்போதும் அது அவர் தோளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

தேயிலைக்கு நடுவே மேலே ஏறும் குறுக்குப் பாதையில் காவல்காரர் முன்னால் போனார், ஆயாம்மா பின்னால், நாங்கள் அதற்கும் பின்னால். ராசு பாட்டுக் கூடப் பாடத் தொடங்கிவிட்டான். கொஞ்ச தூரம் போனதும் ஆயாம்மா, "இந்தாய்யா, நில்லு" என்றார்.

அவர் நின்றார். அவருடைய கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆயாம்மா அந்தப் பாதையிலேயே அவரை உட்காரவைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் கால் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழுத்தவும் இல்லை, முறுக்கவும் இல்லை. தொட்டில் பிள்ளைக்குப் பிடிப்பதுபோல உள்ளங்கையால் மெதுவாக மேலும் கீழும் தடவிக்கொடுத்தார்.

"இம்புட்டு நடுக்கத்தை வச்சுக்கிட்டு எதுக்குய்யா அங்க போய்ப் பேசுன? கங்காணி சொன்னதைச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

காவல்காரர் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் புள்ளைங்க இல்லாம நீ வெறுங்கையோட வீட்டுல ஒக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியாது" என்றார்.

ஆயாம்மாவின் கை நின்றது. நாங்கள் ஐந்து பேரும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். கொழுந்துக்காரர்கள் எடுக்காமல் விட்ட இலைகளை ராசு அக்கறையாகக் கிள்ளத் தொடங்கினான். 

"இன்னும் எதாச்சும் பேசுய்யா" என்று ஆயாம்மா சொல்வது பின்னால் கேட்டது.

பாவம், அவருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.